வரியைக் குறைத்தால் ராணுவத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பட்ஜெட்டைப் பிரித்துப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிப்ரவரி 1 அன்று இரண்டு செய்திகள் பெரும்பாலும் சேர்ந்தே வரும்: வருமான வரியில் சலுகை, ராணுவத்துக்கு ஒதுக்கீடு உயர்வு. வரவைக் குறைத்துக்கொண்டே செலவை எப்படிக் கூட்டுகிறார்கள் என்று கேட்டால், டீக்கடையில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். சரியான பதில் பட்ஜெட் தாள்களிலேயே இருக்கிறது. ஆனால் வரிசை மாறிப் படித்தால் கைக்கு வராது.

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வாசகசாலையில் ஞாயிறுதோறும் இதைச் சேர்ந்து படிக்கிறோம். அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள், வாளையார் வழியாக லாரி ஓட்டுபவர்கள், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர்கள் என்று கலந்து வருவார்கள். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடங்கள் அநேகமாக ஒன்றேதான். அந்த இடங்களை மனதில் வைத்து இந்த வரிசையை அமைத்திருக்கிறேன். உதாரணம் முழுக்க 2025-26 பட்ஜெட். எந்த ஆண்டுக்கும் இதே முறைதான்.

1. உட்காருவதற்கு முன் கையில் வேண்டியவை

மத்திய அரசின் பட்ஜெட் இணையதளத்தில் ஆவணங்கள் இலவசம். இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். எல்லாவற்றையும் இறக்க வேண்டாம். ‘பட்ஜெட் அட் எ கிளான்ஸ்’ என்ற சிறு புத்தகம், ‘ரெசீட் பட்ஜெட்’, ‘எக்ஸ்பெண்டிச்சர் பட்ஜெட்’டில் பாதுகாப்பு அமைச்சகத்தின் பக்கங்கள், நிதியமைச்சர் உரை. இந்த நான்கு போதும்.

ஒரு நோட்டில் நான்கு பத்தி கோடு போட்டுக்கொள்ளுங்கள். தாள்களிலும் நான்குதான் இருக்கும்: முந்தைய ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு, போன ஆண்டின் முதல் மதிப்பீடு, போன ஆண்டின் திருத்திய மதிப்பீடு, இந்த ஆண்டின் மதிப்பீடு. எந்த எண்ணை எழுதினாலும் அது எந்தப் பத்தியைச் சேர்ந்தது என்று தெரிய வேண்டும். இதை விட்டவர்களுக்குக் கடைசியில் கூட்டல் ஒருபோதும் சரியாக வராது.

இன்னொன்று: எல்லாத் தொகைகளையும் லட்சம் கோடிக்கு மாற்றி, புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு எழுதுங்கள். 6,81,210 கோடி என்பது 6.81. பூஜ்ஜியங்களை எண்ணிக்கொண்டிருந்தால் கவனம் அதிலேயே போய்விடும்.

2. முதலில் வரவு, செலவுப் பக்கத்தைத் திறக்காதீர்கள்

ராணுவச் செலவை முதலில் பார்த்தால், அது அதிகமா குறைவா என்ற விவாதம் உடனே தொடங்கிவிடும். எதோடு ஒப்பிட்டு அதிகம் என்ற கேள்வி காணாமல் போகும். அதனால் வரவிலிருந்து தொடங்குங்கள்.

2025-26 மதிப்பீட்டில் மத்திய அரசின் மொத்த வரி வசூல் 42.70. மாநிலங்களின் பங்கைக் கொடுத்தபின் கையில் நிற்பது 28.37. வரியல்லாத வருவாயையும் கடனில்லாத மற்ற வரவுகளையும் சேர்த்தால் 34.96. மொத்தச் செலவோ 50.65. மிச்சமுள்ள 15.69 கடன். நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பான ஜிடிபியில் இது 4.4 சதவீதம், இதைத்தான் நிதிப் பற்றாக்குறை என்கிறார்கள்.

இந்த ஐந்து எண்களையும் நோட்டின் தலையில் எழுதி வையுங்கள். கீழே வருவதையெல்லாம் இவற்றோடுதான் ஒட்டிப் பார்க்க வேண்டும்.

3. ‘வருவாய் இழப்பு’ எதை எதோடு ஒப்பிட்டுச் சொன்னது என்று பாருங்கள்

2025 பட்ஜெட்டில் புதிய வரிமுறையில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமானத்துக்கு வரி இல்லை என்று ஆனது. மாதச் சம்பளக்காரருக்கு நிலைக்கழிவு 75,000 சேர்த்து 12.75 லட்சம். சரியாக 12 லட்சம் வருமானம் உள்ளவருக்கு மிச்சம் 80,000 ரூபாய். இதனால் நேர்முக வரியில் அரசு விட்டுக்கொடுப்பது சுமார் 1 லட்சம் கோடி என்று நிதியமைச்சர் உரையிலேயே சொன்னார்.

புதியவர்கள் இங்கேதான் முதலில் தடுக்குகிறார்கள். ‘1 லட்சம் கோடி குறைந்துவிட்டது’ என்று எழுதி, போன ஆண்டு வசூலிலிருந்து கழித்துவிடுகிறார்கள். தாளைப் பாருங்கள்: வருமான வரி வசூல் போன ஆண்டு திருத்திய மதிப்பீட்டில் 12.57, இந்த ஆண்டு மதிப்பீட்டில் 14.38. சலுகைக்குப் பிறகும் கூடுகிறது. சலுகை இல்லாவிட்டால் வந்திருக்கக்கூடியதிலிருந்து 1 லட்சம் கோடி குறைவு என்பதுதான் அந்த எண்ணின் பொருள்.

ஆகவே, சலுகைக்கு நேரே இரண்டு குறிப்பு எழுதுங்கள். விட்டுக்கொடுத்தது எவ்வளவு, அதற்கு மேலும் வசூல் எவ்வளவு வளரும் என்று அரசு நம்புகிறது. இங்கே நம்பிக்கை 14 சதவீதத்துக்கு மேல். ஜிடிபி, விலைவாசி உயர்வையும் சேர்த்து, 10.1 சதவீதம் வளரும் என்ற கணக்கின் மேல் அது நிற்கிறது. வளர்ச்சி குறைந்தால் ஓட்டை விழும். அது எங்கே தெரியும் என்பதை ஆறாம் படியில் பார்ப்போம்.

4. மாநிலப் பங்கைக் கழியுங்கள். எல்லையில் இருப்பவர்களுக்கு இது சொந்தக் கணக்கு

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி பாதுகாப்பு மத்திய அரசின் வேலை. ஆனால் வருமான வரியைக் குறைத்தால், நட்டம் டெல்லிக்கு மட்டும் இல்லை. மத்திய, மாநில வரிப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் 15-வது நிதிக்குழு சொன்னபடி பகிரக்கூடிய வரித் தொகுப்பில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு. வரியின் மேல் கூடுதலாகப் போடும் செஸ்ஸும் சர்சார்ஜும் அந்தத் தொகுப்பில் சேராது. அவற்றை ஒதுக்கிவிட்டுத் தோராயமாகப் போட்டால், 1 லட்சம் கோடிச் சலுகையில் சுமார் 41,000 கோடியை மாநிலங்கள் சுமக்கின்றன.

அதில் 2025-26-ல் கேரளத்தின் பங்கு 1.925 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 4.079, ஆந்திரத்துக்கு 4.047. பெருக்கினால் கேரளத்துக்கு ஏறக்குறைய 790 கோடி, தமிழ்நாட்டுக்கு 1,670 கோடி, ஆந்திரத்துக்கு 1,660 கோடி குறைவு. வரியைக் குறைத்த பெயர் ஒருவருக்கு, பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் தேடும் பாடு இன்னொருவருக்கு. இதை எழுதாமல் யாராவது ‘வரிச்சலுகையால் ராணுவத்துக்கு 1 லட்சம் கோடி போய்விட்டது’ என்று பேசினால், நோட்டை நீட்டுங்கள்.

மாநிலம் வேறு எங்கே வசூலிக்கும்? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் வாளையாரின் வணிகவரி செக்போஸ்ட் வரிசையோடு பல வழிகள் போய்விட்டன. மிச்சம் பெட்ரோல், டீசல், மது, பத்திரப்பதிவு, வாகன வரி என்று சில. 2023 ஏப்ரலில் கேரளம் பெட்ரோல், டீசலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் போட்டது. லாரிக்காரர்கள் எந்தப் பக்கம் டேங்க் நிரப்புவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 2025 ஏப்ரலில் மத்திய அரசு பெட்ரோல், டீசல் மீதான சிறப்புக் கூடுதல் கலால் தீர்வையை லிட்டருக்கு 2 ரூபாய் ஏற்றியது. பங்க் விலை ஏறாததால் பலருக்கு இது தெரியாது. இந்தத் தீர்வை மாநிலங்களோடு பகிரப்படுவதில்லை. பகிர வேண்டிய வரியில் சலுகை, பகிர வேண்டாத வரியில் ஏற்றம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதாமல் ‘வரி குறைந்தது’ என்று முடிக்காதீர்கள்.

5. வட்டியை எடுத்து ஓரமாக வையுங்கள்

இது சின்னப் படி, தாண்டிவிடாதீர்கள். 2025-26-ல் வட்டிக்கு 12.76. கட்டாயம் கட்ட வேண்டியது. கடனில்லாத வரவு 34.96-லிருந்து இதைக் கழித்தால் 22.20. மற்ற எல்லாச் செலவுக்கும் அரசின் சொந்தப் பணம் இவ்வளவுதான். ராணுவ ஒதுக்கீடு 6.81 இதில் 31 சதவீதம் வரும்.

இன்று வரியைக் குறைத்துக் கடன் வாங்கி விமானம் வாங்கினால், வட்டி நாளைய பட்ஜெட்டில் இந்தக் கட்டத்தில் வந்து உட்காரும். வட்டி இப்போதே ராணுவ ஒதுக்கீட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

6. ராணுவ ஒதுக்கீட்டை நான்காகப் பிரியுங்கள்

முழு வழிகாட்டியிலும் அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இது. 6,81,210 கோடி என்பது ஒரே மூட்டை இல்லை. மானியக் கோரிக்கை (செலவுக்கு நாடாளுமன்றத்திடம் அனுமதி கேட்கும் பட்டியல்) 19 முதல் 22 வரை, இதே வரிசையில், நான்கு தனிக் கணக்குகள்:

அமைச்சகத்தின் சிவில் பிரிவு: 28,683 கோடி. கடலோரக் காவல்படை, எல்லைச் சாலை அமைப்பு போன்றவை இதில்.
படைகளின் வருவாய்ச் செலவு: 3,11,732 கோடி. சம்பளம், ரேஷன், எரிபொருள், உதிரிபாகம், பழுதுபார்ப்பு.
மூலதனச் செலவு: 1,80,000 கோடி. விமானம், கப்பல், பீரங்கி, கட்டுமானம்.
ஓய்வூதியம்: 1,60,795 கோடி.

கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். இதைப் போர்டில் எழுதியபோது, ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் தன் போனில் ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் தளத்தைத் திறந்து ஓய்வூதியச் சீட்டைக் காட்டி, “இதுவும் அந்தக் கணக்குதானா தம்பி?” என்று கேட்டார். அதேதான். புதிய ஆயுதத்துக்குக் கிடைப்பதும் ஓய்வூதியத்துக்குப் போவதும் 2025-26-ல் ஏறக்குறைய சம அளவு. பாலக்காட்டிலும் வேலூரிலும் பட்டாளத்துக் குடும்பங்களின் அடுப்பு எரிவது இந்தப் பணத்தில். அதை வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பணத்தில் ஏவுகணை வாங்க முடியாது என்பதும் கணக்கில் இருக்க வேண்டும்.

ஏன் பிரிக்க வேண்டும்? பணம் இறுகும்போது நான்கும் ஒரே மாதிரி இறுகாது. சம்பளத்தை நிறுத்த முடியாது, ஓய்வூதியத்தைத் தள்ளிப்போட முடியாது. தள்ளக்கூடியது மூலதனச் செலவு மட்டும். 2024-25-ஐப் பாருங்கள். மூலதனத்துக்கு முதலில் 1.72 ஒதுக்கினார்கள், திருத்திய மதிப்பீட்டில் 1.59 என்று ஆனது. சுமார் 12,500 கோடி குறைவு. அதே திருத்தத்தில் ஓய்வூதியம் 1.41-லிருந்து 1.58-க்கு ஏறியது. மொத்த ஒதுக்கீடு கூடியது, ஆயுதத்துக்கான பணம் குறைந்தது. தலைப்பை மட்டும் படிப்பவருக்கு இது கண்ணிலேயே படாது.

உடனே ‘வரிச்சலுகைதான் காரணம்’ என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் குறைவு 2024-25-க்கு. சலுகை அடுத்த ஆண்டுக்கு. காலவரிசையே பொருந்தவில்லை. மூலதனப் பணம் செலவாகாமல் நிற்கப் பல காரணங்கள் உண்டு: ஒப்பந்தம் தாமதம், சோதனை தாமதம், தயாரிப்பு தாமதம். சூலூர் தளத்தால் நம் பக்கத்தாருக்குப் பழகிய தேஜஸ் விமானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் புதிய வடிவத்தில் 83 விமானங்களுக்கு 2021-லேயே ஒப்பந்தம் ஆனது. அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய எஞ்சின் தாமதமாகி, ஒப்படைப்பும் தாமதமானது. பணம் இருந்தும் வாங்க முடியாத நிலை வேறு, பணமே இல்லாத நிலை வேறு. பாதுகாப்புக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கைகளில் படைகள் கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று பார்த்தால் எது எந்த நிலை என்று பிடிபடும்.

ஒப்பந்தத் தொகையையும் ஆண்டுச் செலவையும் குழப்பிக்கொள்வதும் இங்கேதான். 2025 செப்டம்பரில் மேலும் 97 தேஜஸ் விமானங்களுக்கு, வரிகள் நீங்கலாக 62,370 கோடிக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அது அந்த ஆண்டே கொடுக்கும் பணம் இல்லை. ஒப்படைப்பு 2027-28-ல் தொடங்கி ஆறு ஆண்டுகளுக்கு நீளும், தவணையும் கூடவே நீளும். ஆகவே 2025-26-ன் 1.80-ல் பெரும்பகுதி பழைய ஒப்பந்தங்களின் தவணைக்கே போகும். இன்று வரியைக் குறைப்பவர் நாளைய நிதியமைச்சருக்கு எவ்வளவு தவணையை விட்டுச் செல்கிறார் என்பதை மூன்று நான்கு ஆண்டுத் தாள்களைச் சேர்த்துப் படித்தால்தான் பார்க்க முடியும்.

பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் ராணுவத் தளவாடங்களும் செய்யும் பி.இ.எம்.எல். ஆலை இருப்பதால் எங்கள் கூட்டத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: ராணுவத்துக்குக் கொடுக்கும் பணம் இங்கேயே சுற்றுமே, அதையும் செலவு என்று சொல்வதா? நியாயமான கேள்வி. நவீனமயமாக்கலுக்கான தொகையில் 75 சதவீதம், அதாவது 1,11,544 கோடி, உள்நாட்டுக் கொள்முதலுக்கு என்று 2025-26-ல் ஒதுக்கினார்கள். அதில் ஒரு பகுதி சம்பளமாகவும் வரியாகவும் திரும்பும். ஆனால் பட்ஜெட் தாளில் அதை இந்தச் செலவிலிருந்து கழித்துக் காட்டமாட்டார்கள். நீங்களும் கழிக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினால் போதும்.

7. இடைவெளி எதனால் நிரம்பியது என்று கண்டுபிடியுங்கள்

2025-26-ல் வரிச்சலுகை உண்டு, ராணுவ ஒதுக்கீடு உயர்வு உண்டு, அதோடு பற்றாக்குறையும் 4.8-லிருந்து 4.4 சதவீதமாக இறங்குகிறது. மூன்றும் ஒன்றாக நடந்தால் நாலாவதாக ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். அதைத் தேட இரண்டு இடங்கள்.

முதலாவது வரியல்லாத வருவாய். ரிசர்வ் வங்கி, பொதுத்துறை வங்கிகள், நிதி நிறுவனங்களிடமிருந்து 2.56 ஈவுத்தொகையாக வரும் என்று எழுதியிருந்தார்கள். 2025 மே மாதம் ரிசர்வ் வங்கி மட்டுமே 2,68,590 கோடி கொடுத்தது. இது வரி இல்லை. ஆண்டுதோறும் இதே அளவு வரும் என்ற உறுதியும் இல்லை. நிரந்தர வரிச்சலுகைக்கு இப்படிப்பட்ட வரவு எத்தனை ஆண்டு ஈடு கொடுக்கும் என்பது என் சந்தேகம்.

இரண்டாவது, வளராமல் நின்ற செலவுகள். வெட்டினார்கள் என்றால் செய்தி வரும். அப்படியே விட்டால் செய்தி வராது. நூறு நாள் வேலைக்கு 2024-25-ல் 86,000 கோடி, 2025-26-லும் 86,000 கோடி. உணவு மானியம் 2.05-லிருந்து 2.03. விலைவாசி ஏறும் நாட்டில் அதே தொகை என்றால் உண்மையில் குறைவு. நோட்டில் ஒவ்வொரு பெரிய செலவுக்கும் பக்கத்தில் வளர்ச்சி சதவீதம் போட்டு, 5-க்குக் கீழே உள்ளவற்றை வட்டமிடுங்கள். வரிச்சலுகைக்கும் ராணுவத்துக்கும் இடையிலான இழுபறியில் தோற்றது பெரும்பாலும் இந்த வட்டங்களுக்குள் இருக்கும்.

8. அடிக்கடி நடக்கும் வேறு தவறுகள்

‘ஒரு ரூபாயில் ராணுவத்துக்கு 8 பைசாதான்’. 2025-26 பட்ஜெட் புத்தகத்தில் இருக்கும் படம் அது. 6.81-ஐ 50.65-ஆல் வகுத்தால் 13.45 சதவீதம் வருகிறதே என்று பிள்ளைகள் குழம்புவார்கள். இரண்டும் சரி. படத்தில் மாநிலங்களின் வரிப்பங்கையும் செலவாகச் சேர்த்திருக்கிறார்கள். ராணுவ ஓய்வூதியத்தை வேறு துண்டில் வைத்திருக்கிறார்கள். எதை எதால் வகுத்தோம் என்று எழுதினால் சண்டை வராது.

வளர்ச்சியை இஷ்டப்படி கணக்கிடுவது. போன ஆண்டின் முதல் மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் ராணுவ ஒதுக்கீடு 9.5 சதவீதம் கூடியது; திருத்திய மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் 6-க்குச் சற்று மேல். ஆளுங்கட்சிக்காரர் முதலாவதைச் சொல்வார், எதிர்க்கட்சிக்காரர் இரண்டாவதை. நீங்கள் இரண்டையும் எழுதுங்கள்.

பாதுகாப்பு அமைச்சகம் மட்டும்தான் நாட்டுப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்வது. எல்லைப் பாதுகாப்புப் படையும் சி.ஆர்.பி.எஃப்.பும் உள்துறைக் கணக்கில். அணுசக்தித் துறைக்கும் விண்வெளித் துறைக்கும் தனிக் கணக்கு.

நேட்டோ நாடுகளோடு ஒப்பிட்டு ‘நாம் ஜிடிபியில் 1.9 சதவீதம்தான்’ என்பது. அவர்களில் பலர் வசூலிக்கும் வரி ஜிடிபியில் நம்மைவிட மிக அதிகம். நம் மத்திய அரசின் மொத்த வரி ஜிடிபியில் ஏறக்குறைய 12 சதவீதம். ராணுவத்துக்கு 3 சதவீதம் வேண்டும் என்று பேசுபவர், அந்த 12-ஐ எதுவாக ஆக்குவது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

9. ஆண்டு நடுவில் ஒருமுறை திறந்து பாருங்கள்

பட்ஜெட் என்பது மதிப்பீடு. நாடாளுமன்றம் அதை நிறைவேற்றி இரண்டு மாதம்கூட ஆகாதபோது, 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் ராணுவ நடவடிக்கை நடந்தது. செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் குறைந்தன, அதன் வருவாய் விளைவு 48,000 கோடி என்று அரசே மதிப்பிட்டது. பிப்ரவரியில் எழுதிய நோட்டில் இந்த இரண்டுமே இல்லை.

இப்படி வரும் கூடுதல் செலவுக்கு அரசு துணை மானியக் கோரிக்கை கொண்டுவரும். பெரும்பாலும் மழைக்கால, குளிர்காலக் கூட்டத்தொடர்களில். மத்திய அரசின் கணக்குத் தலைமைக் கட்டுப்பாட்டாளர் மாதந்தோறும் வரவு செலவை வெளியிடுகிறார். நவம்பர் மாத இறுதியில் வரும் அக்டோபர் வரையான கணக்கை எடுத்து, வரி வசூல், கடன், மூலதனச் செலவு மூன்றை மட்டும் ஆண்டு மதிப்பீட்டோடு ஒப்பிட்டு சதவீதம் போடுங்கள். வசூல் பின்தங்கி, கடனும் உயராமல் இருந்தால், அடுத்த பிப்ரவரித் தாளில் முதலில் மூலதனச் செலவுக்கான கோரிக்கை 21-ஐத் திறந்து, திருத்திய மதிப்பீட்டுப் பத்தியைப் பாருங்கள்.